எலிக்கு ஆறிய புண் நமக்கு ஆறுமா?



விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஒரு கிளாஸ் கோப்பியை வாயில் ஊற்றிக்கொண்டு பெரட்டுக்கு ஓடுகிற உடம்பு நம்முடையது. பசியாறும்போது மணி பத்தாகிவிடும். செம்பனைக் குலை அதிகமுள்ள நாளென்றால் அதுவும் தள்ளிப்போகும். நெஞ்சுக்குழியில் எரிச்சல் கண்டால் நமக்குத் தெரிந்த ஒரே பெயர் 'கேஸ்ட்ரிக்'. "ஒண்ணுமில்லீங்க, சும்மா கேஸ்ட்ரிக்தான்" என்று சொல்லி, ஒரு மாத்திரையைச் சப்பிவிட்டு மறுபடியும் வேலைக்காட்டுக்குப் போய்விடுகிறோம்.

சென்ற மாதம் ஒரு அம்மா இந்தப் பகுதிக்கு ஒரு கேள்வி கொண்டுவந்தார். மருமகளின் கைப்பேசிக்கு யாரோ ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார்கள். செரி மரத்து இலையைப் பல்கலைக்கழகத்திலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்களாம், அல்சர் குணமாகிறதாம். அந்த அம்மாவுக்கு இரண்டு வருஷமாக வயிற்றெரிச்சல். கிளினிக்கில் கொடுத்த மாத்திரை வீட்டில் இருக்கிறது. அவர் கேட்டது இதுதான்: "ஐயா, நம்ம லயத்து ஓரத்துல ரெண்டு செரி மரம் நிக்குது. மாத்திரைய நிறுத்திப்புட்டு இலையக் காய்ச்சிக் குடிச்சா என்னா?"

சரியான கேள்வி. ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட எனக்கு மனமில்லை. மூலிகையை எப்படிச் சோதிக்கிறார்கள், அந்தச் சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெரிந்தால் இந்தக் கேள்விக்கு மட்டுமல்ல, அடுத்த மாதம் வரப்போகிற செய்திக்கும் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம்.

செய்தி பொய்யில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலாய்க்காரர்கள் கெருக்குப் சியாம் என்று சொல்லும் அந்தச் செரி மரத்து இலையை நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்திலும் சோதித்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால் 2008-ல் செண்டுடுக் இலையைச் சோதித்தார்கள். ரோட்டோரத்தில் ஊதாப்பூப் பூத்து நிற்குமே, பழத்தைத் தின்றால் பிள்ளைகளின் நாக்கெல்லாம் கறுத்துப்போகுமே, அதே செடிதான். நம் வல்லாரையை, கடைத்தெருவில் பெகாகா என்று கட்டுக் கட்டாக விற்கிற கீரையை, 2000-ல் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். மணத்தக்காளியை 2006-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். எல்லா இடத்திலும் கிடைத்த பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: மூலிகைச் சத்துக் கொடுத்த வயிற்றில் புண் குறைவாக இருந்தது.

யாருடைய வயிற்றில்? எலியின் வயிற்றில்.

எலிக்கு எப்படிப் புண் வரும் என்று கேட்பீர்கள். தானாக வராது, வரவழைக்க வேண்டும். எலியை ஒரு நாள் பட்டினி போடுகிறார்கள். பிறகு மூலிகைச் சத்தைக் குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள் விடுகிறார்கள். அரை மணியோ ஒரு மணியோ கழித்துக் கலப்பில்லாத ஆல்கஹாலைக் கொஞ்சம் அதே வழியில் விடுகிறார்கள். சம்சுவெல்லாம் அதற்கு முன்னால் பச்சைத்தண்ணி! பட்டினி வயிற்றில் அது பட்டதும் உள்தோல் வெந்து, சிவப்புக் கோடு கோடாக இரத்தம் கட்டிவிடும். இன்னும் ஒரு மணி நேரத்தில் எலியைக் கொன்று, இரைப்பையைக் கீறித் திறந்து, அந்தச் சிவப்புக் கோடுகளின் நீள அகலத்தை அளக்கிறார்கள். மூலிகை கொடுத்த எலிகள் ஒரு கூட்டம், வெறும் தண்ணீர் கொடுத்தவை ஒரு கூட்டம், ஒமிப்ரஸோல் மருந்து கொடுத்தவை ஒரு கூட்டம். மூன்றையும் ஒப்பிட்டு முடிவு எழுதுகிறார்கள்.

வேறு வழிகளும் உண்டு. எலிக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் புண்ணாக்கலாம். அசைய முடியாமல் அடைத்துக் குளிரில் வைத்தும் புண்ணாக்கலாம். இரைப்பையின் கீழ்வாயை நூலால் கட்டிவிட்டால் ஊறுகிற அமிலம் வெளியே போக வழியில்லாமல் தேங்கி அரித்துவிடும். ஹாரி ஷே என்கிற அமெரிக்க டாக்டர் 1945-ல் சொன்ன முறை இது. இன்றைக்கும் உலகெங்கும் மூலிகைச் சோதனைகளில் இதைச் செய்கிறார்கள்.

இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். புதிய சரக்கை நேரே மனிதன் வாயில் ஊற்றுவதைவிட இது மேல். எந்தச் செடியை மேற்கொண்டு ஆராயலாம் என்று சல்லடை போட்டுச் சலிப்பதற்கு எலிச் சோதனை வேண்டும். ஆனால் சலித்து எடுத்ததைச் சமைத்து முடித்ததாகச் சொல்லக்கூடாது. கைப்பேசிச் செய்தி செய்கிற தப்பு அதுதான்.

அந்த எலியையும் அந்த அம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எலிக்கு மூலிகை முதலில் போனது, கேடு பிறகு வந்தது. அம்மாவுக்கோ புண் இருந்தால் அது ஏற்கனவே இருக்கிறது. குடை பிடித்துக்கொண்டு மழைக்குள் போவது ஒரு கதை, நனைந்து காய்ச்சலில் படுத்த பிறகு குடையைத் தேடுவது வேறு கதை. அடுத்தது, எலிக்குக் கொடுத்தது காய்ச்சிய இலைத்தண்ணீர் அல்ல. இலையை உலர்த்திப் பொடியாக்கி, பெரும்பாலும் ஸ்பிரிட்டிலோ மெத்தனாலிலோ, சில சமயம் தண்ணீரிலோ ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து எடுத்த கெட்டிச் சத்து. உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 250 மில்லிகிராம், 500 மில்லிகிராம் என்று நிறுத்துக் கொடுத்தது. நம் வீட்டுச் சட்டியில் இறங்குவது எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்?

இன்னொரு சங்கதி இருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஆந்த்ரே ராபர்ட் என்கிற விஞ்ஞானி அமெரிக்காவில் 1983-ல் ஒன்றைக் காட்டினார். எலிக்குக் கலப்பில்லாத ஆல்கஹால் கொடுப்பதற்கு முன், தண்ணீர் கலந்த இலேசான ஆல்கஹாலைக் கொடுத்தாலே போதும், புண் பெருமளவு தடுக்கப்படுகிறது. இலேசான அமிலம் கொடுத்தாலும் அப்படியே, உப்புத்தண்ணீர் கொடுத்தாலும் அப்படியே! வயிற்றைக் கொஞ்சம் உறுத்தினால் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தயாராகிவிடுகிறது. அடுத்து வரும் பெரிய அடியைத் தாங்கிக்கொள்கிறது. ஆகவே ஒரு இலைச் சத்து எலியின் புண்ணைத் தடுத்தது என்றால், அந்த இலையில் மருந்து இருப்பதாலும் இருக்கலாம், அந்த இலை வயிற்றை இலேசாக உறுத்தியதாலும் இருக்கலாம். அந்த ஒரு சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. உப்புத்தண்ணீர் அல்சருக்கு மருந்து என்று யாரும் செய்தி அனுப்புவதில்லையே!

நம் புண் எங்கிருந்து வருகிறது

எலிக்கு ஆல்கஹால். நமக்கு எது? காரம், கோப்பி, கவலை, நேரத்துக்குச் சாப்பிடாதது என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். டாக்டர்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவையெல்லாம் எரிச்சலைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் புண்ணுக்கு முக்கியக் காரணம் வேறு.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து ஆஸ்பத்திரியில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்று இரண்டு டாக்டர்கள். அமிலம் ஊறும் இரைப்பைக்குள்ளேயே சுருள் வடிவத்தில் ஒரு கிருமி குடியிருப்பதை வாரன் பார்த்தார். அதைக் கண்ணாடித் தட்டில் வளர்க்க இருவரும் எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. 1982-ல் ஈஸ்டர் விடுமுறை வந்தது. தட்டுகளை இரண்டு நாளில் எடுத்து எறிவது வழக்கம். விடுமுறையில் யாரும் எடுக்காமல் ஐந்து நாள் கிடந்ததில் கிருமி தானாக வளர்ந்திருந்தது. யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தண்ணீரில் கலக்கித் தானே குடித்தார். சில நாளில் வாந்தி. ஸ்கோப் போட்டுப் பார்த்தால் இரைப்பை அழன்றுபோயிருந்தது. இரண்டு பேருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. 1994-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை வயிற்றுப் புற்றுநோய்க்கும் ஒரு காரணம் என்று வகைப்படுத்திவிட்டது.

இது நமக்கு எவ்வளவு நெருங்கிய விஷயம் தெரியுமா? மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் கோ கியான் லீயும் அவருடன் வேலை செய்தவர்களும் நம் நாட்டு மக்களின் இரத்தத்தைச் சோதித்து 2001-ல் முடிவு வெளியிட்டார்கள். இந்தியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்தக் கிருமி தொற்றியதற்கான அடையாளம் இருந்தது. சீனர்களிடமும் அதிகம்தான். மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு. பெரும்பாலும் சிறுபிள்ளைப் பிராயத்தில், வீட்டுக்குள்ளேயே, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெறும் ஏழ்மையும் நெரிசலும்தான் காரணம் என்றால் கம்பத்து மலாய்க்காரருக்கும் அதே அளவு வந்திருக்க வேண்டும். நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற வீடுகளில் இந்தக் கிருமி அபூர்வமான விருந்தாளி அல்ல. கிருமி உள்ள எல்லாருக்கும் புண் வருவதில்லை. ஆனால் புண் வந்தவரிடம் கிருமியைத் தேடாமல் விடக்கூடாது.

இரண்டாவது காரணத்தைச் சொல்லும்போது நான் என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரஸராக இருந்த காலத்தில் எங்களிடம் இருந்தது இரண்டு மூன்று மருந்துதான். முதுகுவலி, கைகால் வலி என்று வந்தால் ஏ.பி.சி. மாத்திரை. அதில் ஆஸ்பிரின் இருக்கும். வயிற்றெரிச்சல் என்று வந்தால் போத்தலில் வெள்ளை மருந்து. பால்வெட்டுகிற ஒரு அண்ணன் வாரா வாரம் வருவார். இரண்டையும் வாங்கிப்போவார். ஒரு நாள் மரத்தடியிலேயே இரத்தமாக வாந்தி எடுத்து விழுந்தார். லோரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். ஒரு கையால் புண்ணை உண்டாக்கி மறு கையால் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஆஸ்பிரினும் அதைப்போன்ற வலி மாத்திரைகளும் எப்படிப் புண்ணாக்குகின்றன என்பதை ஜான் வேன் என்கிற ஆங்கில விஞ்ஞானி 1971-ல் விளக்கினார். இரைப்பையின் உட்சுவரைக் காக்கிற வழவழப்பான பூச்சை ஊறச் செய்வதற்கு உடம்பிலேயே ஒரு பொருள் சுரக்கிறது. வலியை உண்டாக்குவதிலும் அதே வகைப் பொருளுக்குப் பங்கு உண்டு. மாத்திரை வலியை நிறுத்துகிற அதே வேலையில் வயிற்றின் பூச்சையும் நிறுத்திவிடுகிறது. இன்றைக்கு ஏ.பி.சி. இல்லை. பொன்ஸ்டான், வோல்டரேன் இருக்கின்றன. பசார் மாலாமில் விற்கிற, 'ஒரே நாளில் மூட்டுவலி போகும்' என்கிற மக்ஜுன் உருண்டைகளும் இருக்கின்றன. அப்படிச் சட்டென்று கேட்கிற சில ஜாமு, மக்ஜுன்களில் வலி மாத்திரையையும் ஸ்டிராய்டு மருந்தையும் இரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பல தடவை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறார்கள். மூலிகை என்று நம்பிப் புண்ணை விலைக்கு வாங்குகிற வழி இது. நம் நாட்டில் பாரம்பரிய மருந்துக்கு 1992 முதல் பதிவு உண்டு. எம்.ஏ.எல். என்று தொடங்கி 'டி' எழுத்தில் முடிகிற எண் பெட்டியில் இருக்க வேண்டும். அது இல்லாததைத் தொடாதீர்கள்.

மூலிகை மனிதனிடம் வந்தபோது

இவ்வளவும் சொன்னதால் நான் மூலிகைக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். எலியைத் தாண்டி மனிதனிடம் வந்து நின்ற மூலிகைகள் உண்டு. அதில் பெரிய கதை நம் அஞ்சறைப் பெட்டிச் சரக்கான அதிமதுரத்தின் கதை.

ஹாலந்து நாட்டில் ஹீரன்வீன் என்கிற ஊர். அங்கே ஒரு மருந்துக் கடைக்காரர் வயிற்றுப் புண்காரர்களுக்கு ஏதோ ஒரு கலவையைக் கொடுப்பதையும், அவர்கள் சுகமாகி வருவதையும் ரீவர்ஸ் என்கிற டாக்டர் கவனித்தார். உள்ளே என்ன என்று பார்த்தால் அதிமதுரத்தின் கெட்டிச் சாறு. தன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1946-ல் எழுதினார். புண் ஆறுகிறது, ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முகமும் காலும் வீங்குகின்றன என்று இரண்டையும் எழுதினார். நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. பிறகு இங்கிலாந்தில் அதிமதுரத்திலிருந்து கார்பெனொக்ஸலோன் என்ற மருந்தைச் செய்தார்கள். சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வருவதைக் காட்டிய அதே ரிச்சர்ட் டால், 1962-ல் அதை மனிதர்களிடம் முறைப்படி சோதித்தார். இரைப்பைப் புண் ஆறுவதற்கு அது உதவியது. ஆனால் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, இரத்தக் கொதிப்பை ஏற்றி, பொட்டாசியம் என்கிற சத்தை வெளியே தள்ளியது. 1976-ல் சிமெட்டிடின் வந்தது, 1988-ல் ஒமிப்ரஸோல் வந்தது. அமிலத்தைக் குறைக்கிற இந்த மருந்துகள் வந்த பிறகு கார்பெனொக்ஸலோனுக்கு வேலை இல்லாமல் போனது.

அதிமதுரம் உண்மையான மருந்து. உண்மையான மருந்து என்பதால்தான் அதற்குக் கேடும் இருந்தது. இரத்தக் கொதிப்பு உள்ள ஒருவர் தினசரி அதிமதுரக் கஷாயம் குடித்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கதையிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 'இலைதானே, என்ன செய்துவிடும்' என்று சொல்கிறவர்களுக்கு, வேலை செய்கிற இலை இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்று சொல்லுங்கள்.

முட்டைகோஸ் கதை வேறு மாதிரி. சான் பிரான்சிஸ்கோவில் கார்னெட் செனி என்கிற டாக்டர் 1949-ல் 13 நோயாளிகளுக்குத் தினம் ஏறக்குறைய ஒரு லிட்டர் பச்சை முட்டைகோஸ் சாறு கொடுத்தார். இரைப்பைப் புண் உள்ள 6 பேருக்குச் சராசரியாக ஏழு நாளிலும், குடல்வாய்ப் புண் உள்ள 7 பேருக்குப் பத்து நாளிலும் புண் ஆறியது என்று எழுதினார். கேட்கும்போது பிரமாதம். ஆனால் அவர் ஒப்பிட்டது பழைய ஏடுகளில் இருந்த வேறு நோயாளிகளுடன். தன் கண் முன்னால், அதே நாட்களில், சாறு குடிக்காத ஒரு கூட்டத்தை அவர் வைத்துப் பார்க்கவில்லை.

அது ஏன் முக்கியம்? வயிற்றுப் புண்ணுக்கு ஒரு தந்திரக் குணம் உண்டு. அது தானாகவும் ஆறும். 1970-களில் புதிய மருந்துகளைச் சோதித்தபோது, மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களிலும் மூன்றில் ஒருவருக்குக் குறையாமல் சில வாரங்களில் புண் ஆறியிருந்தது. அந்தச் சமயத்தில் நீங்கள் மணத்தக்காளி தின்றிருந்தால் மணத்தக்காளிக்குப் பெயர். சாமிக்கு நேர்ந்திருந்தால் சாமிக்குப் பெயர். ஆனால் கிருமி உள்ளே இருக்கும்வரை, ஆறிய புண் பாதிப் பேருக்கு மேல் ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்துவிடுகிறது. 'போன தடவ நல்லா கேட்டுச்சு, இந்த தடவ கேக்கல' என்று நம் ஆட்கள் சொல்வது இதனால்தான்.

சரி, கிருமியைக் கொல்கிற மூலிகை இல்லையா? கண்ணாடித் தட்டில் கொல்பவை ஏராளம். பூண்டுச் சாறு பட்டால் கிருமி வளர்வதில்லை. அமெரிக்காவில் டாக்டர் டேவிட் கிரஹாம் 1999-ல் இதை மனிதர்களிடமே பார்த்தார். கிருமி உள்ள 12 பேர். ஒரு நாள் பத்துப் பல் பச்சைப் பூண்டு, இன்னொரு நாள் ஆறு பச்சை மிளகாய், வேறொரு நாள் பிஸ்மத் மாத்திரை. பூண்டும் மிளகாயும் கிருமியை ஒன்றுமே செய்யவில்லை. பிஸ்மத் அடக்கியது. தட்டில் கிருமி வெட்டவெளியில் கிடக்கிறது. வயிற்றிலோ வழவழப்பான பூச்சுக்கு அடியில் பதுங்கிக்கொள்கிறது, பூண்டு அதைத் தேடிப் போய்ச் சேர்வதற்குள் செரித்துவிடுகிறது.

வாழைக்காயிடம் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. காசிப் பல்கலைக்கழகத்தில் சன்யாலும் உடனிருந்தவர்களும் 1960-களில் தொடங்கினார்கள். 1984-ல் இங்கிலாந்தில் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில், ஆஸ்பிரினால் எலிக்கு வந்த புண்ணைக் காயவைத்த வாழைக்காய்ப் பொடி தடுத்தது மட்டுமல்ல, வந்த புண்ணையும் ஆற்றியது என்று கண்டார்கள். பழுத்த பழத்துக்கு அந்தக் குணம் இல்லை. ஆனால் நம் புண்ணை ஆற்றுமா என்பதற்குப் பெரிய அளவில் மனிதச் சோதனை வேண்டும்.

அந்த வழியில் அண்மையில் நடந்த ஒரு நல்ல வேலை நம் பக்கத்து நாட்டில். தாய்லாந்து டாக்டர்கள் 2023-ல் மஞ்சளைப் பற்றி முடிவு வெளியிட்டார்கள். வயிற்றுக் கோளாறு உள்ள 206 பேரைக் குலுக்கல் போல் மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். சிலருக்கு மஞ்சளின் குர்குமின், சிலருக்கு ஒமிப்ரஸோல், சிலருக்கு இரண்டும். யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. கடைசியில் மூன்று கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சுகம். ஆகா என்று துள்ளுவதற்கு முன் கவனியுங்கள்: இவர்களுக்கு இருந்தது புண் இல்லாத வயிற்றெரிச்சல். வெறும் மாவு மாத்திரைக் கூட்டம் ஒன்று அதில் இல்லை. கொடுத்தது அளந்து அடைத்த கேப்சூல், குழம்பில் போடும் மஞ்சள் தூள் அல்ல. ஆனாலும் மூலிகையைச் சோதிப்பதென்றால் இப்படித்தான் சோதிக்க வேண்டும். செரி இலைக்கும் செண்டுடுக்குக்கும் இந்த மாதிரி ஒரு சோதனை நடக்க வேண்டும் என்று நாம் கேட்கலாம். நம் வரிப்பணத்தில் நடக்கிற பல்கலைக்கழகங்கள்தானே! எலியோடு நிறுத்திக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விடுவது யாருக்குப் பயன்?

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது

"அம்மா, மாத்திரைய நிறுத்தாதீங்க. ஆனா மாத்திரை மட்டும் போதும்னும் இருந்துடாதீங்க" என்றேன். இரண்டு வருஷமாக எரிகிற வயிற்றுக்குள் புண் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று யாருமே பார்க்கவில்லை. முதலில் அதைப் பார்க்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் நம் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். "எனக்கு ரொம்ப நாளா இருக்கு, எச்.பைலோரி கிருமி இருக்கான்னு பாக்கணும்" என்று வாய் திறந்து கேளுங்கள். ஊதிப் பார்க்கிற சோதனை உண்டு, மலத்தில் பார்க்கிற சோதனை உண்டு. தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கோப் போடுவார்கள். ஊதுகிற சோதனைக்கு முன் இரண்டு வாரம் ஒமிப்ரஸோலும், நான்கு வாரம் கிருமிக்கொல்லி மாத்திரையும் எடுத்திருக்கக் கூடாது, எடுத்திருந்தால் கிருமி இருந்தும் இல்லையென்று காட்டிவிடும். எதைச் சாப்பிடுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், நிறுத்துவதை டாக்டர் சொல்லும்போது நிறுத்துங்கள்.

கிருமி இருந்தால் அமிலத்தைக் குறைக்கிற மருந்தோடு இரண்டு வகைக் கிருமிக்கொல்லி மாத்திரை, ஒன்று முதல் இரண்டு வாரம். வாய் கசக்கும், வயிறு புரட்டும். நான்காம் நாளே எரிச்சல் நின்றுவிடும், உடனே நம் ஆட்கள் மீதியை அலமாரியில் வைத்துவிடுவார்கள். செய்யாதீர்கள். பாதியில் விட்டால் பிழைத்த கிருமிக்கு அந்த மருந்து அடுத்த தடவை பலிக்காது. முடித்து ஒரு மாதம் கழித்துக் கிருமி போய்விட்டதா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

மணத்தக்காளிக் கீரையும் வல்லாரைத் துவையலும் வாழைக்காய்ப் பொரியலும் தாராளமாகச் சாப்பிடுங்கள், அவை நல்ல உணவு. மருந்தாகக் காய்ச்சிக் குடிப்பதென்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைத்தாய்ச்சிகளும், இரத்தக் கொதிப்புக்கோ இருதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கேட்காமல் தொடவே வேண்டாம்.

மலம் தார் போல் கறுத்துப் பிசுபிசுவென்று போனாலும், வாந்தியில் இரத்தமோ கோப்பித் தூள் போன்ற கறுப்போ கண்டாலும், காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலும், சாப்பாடு இறங்காமல் நின்றாலும் இலையும் வேண்டாம், வெள்ளை மருந்தும் வேண்டாம். அந்த நாளே ஆஸ்பத்திரி. இரத்தம் ஊற இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிற பெண்களுக்கும் மலம் கறுக்கும், ஆனால் தார் போல ஒட்டாது, அந்த வாடையும் இருக்காது. சந்தேகமென்றால் காட்டிவிடுங்கள்.

ஸ்கோப்புக்குத் தேதி கிடைப்பதற்குச் சில சமயம் மாதக்கணக்காகும். கிடைத்த தேதியை விட்டுவிடாதீர்கள். முதல் நாள் இரவிலிருந்து பட்டினி இருக்க வேண்டும், மயக்க ஊசி போட்டால் துணைக்கு ஒருவர் வேண்டும், அன்றைக்கு வேலைக்குத் திரும்ப முடியாது. ஆகவே தேதி எழுதிய அட்டையை மண்டோரிடமும் ஆபீஸ் கிராணியிடமும் முன்கூட்டியே காட்டுங்கள். முடிந்ததும் டாக்டரிடம் லீவுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் இருந்தும் அன்றைய சம்பளத்தைப் பிடித்தால், அட்டையையும் சான்றிதழையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு கிளைச் செயலாளரைப் பாருங்கள்.